பழைய லைன்

அப்பா பிளம்பர். தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கத் தொடங்கி, வாயெல்லாம் புண்ணாகிவிட்டபோது, டாக்டர் அவர் வயிற்றில் ஒரு குழாய் பொருத்தினார். சாப்பாடெல்லாம் பால்போலக் கரைத்து அதன் வழியாகத்தான் போகும்.

அதை ஊற்ற அம்மா சிரிஞ்சைக் கையில் எடுத்தாலே அப்பா பிடுங்கிக்கொள்வார்.

"நீ ஊத்துனா காத்து அடைச்சுக்கும். தள்ளு."

ஊற்றுவதற்கு முன்பும் பின்பும் தண்ணீர் விட்டு அலசுவார். மூடியை இறுக்கி, கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்.

"நம்ம சமையலறைக் குழாய் எவ்வளவு நாளா சொட்டுது! அதுக்கு இந்தக் கவனிப்புல பாதி கிடைக்கக் கூடாதா?" என்பாள் அம்மா.

அப்பாவின் எடை கூடியது. எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேஜையருகே அவர் நாற்காலியில் மடிக்காத துணிகள் குவிந்தன.

விழுங்கும் பயிற்சி கொடுக்கும் பெண்தான் மருத்துவமனையில் கேட்டாள்: "தண்ணியாவது வாயால குடிக்கிறீங்களா சார்?"

"எதுக்கு? புது லைன் போட்டா பழைய லைனை மூடிடணும்."

"யாரு மூடச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. எங்க தொழில்ல அப்படித்தான்."

அவள் சிரிக்கவில்லை. "தொண்டைங்கிறது தசை சார். வேலை குடுக்கலைன்னா விழுங்குறதையே மறந்துடும். அப்புறம் புண்ணு ஆறினாலும் இந்தக் குழாயை எடுக்க முடியாம போயிடலாம்."

அவள் அவரைச் சோதித்துப் பார்த்து, அரை ஸ்பூன் தண்ணீரில் தொடங்கலாம் என்றாள். நேராக உட்கார்ந்து, தாடையைத் தாழ்த்தி, பலமாக விழுங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தன் நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டார்.

"பாப்பா, ஒரு ஸ்பூன் எடுத்துட்டு வா."

முதல் அரை ஸ்பூன் புரையேறியது. முகம் சிவக்க இருமினார். அம்மா பதறி எழுந்தாள். அப்பா கையைக் காட்டி அமர்த்தினார்.

"உக்காரு. காத்துதான் அடைச்சிருக்கு."

மூச்சு அடங்கும்வரை காத்திருந்தோம். மறுபடி தாடையைத் தாழ்த்தினார். தொண்டைமுடிச்சு மேலேறி, தயங்கி, இறங்கியது. ஏதோ தொலைதூரத்து ஆற்றுக்குக் காது கொடுப்பதுபோல நாங்கள் அசையாமல் இருந்தோம். சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"போச்சா?" என்றாள் அம்மா.

அப்பா தாடையின் கீழே விரலால் தடவிப் பார்த்தார்.

"போச்சு. இன்னொண்ணு ஊத்து, பாப்பா."