மலையைச் சுற்றிய கார்

பலராமன் விரலில் எடுத்த திருநீறு அப்பாசாமியின் நெற்றியைத் தொடுவதற்குள், தனம் தன் தமையனின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்த அவளுடைய கணவரான அவர் முந்தைய நாள் பகலுறக்கத்திலேயே இறந்துபோயிருந்தார்.

“வேணாம்ண்ணா. திருநீறும் சங்கும் கூடாதுன்னு அவரு சொல்லியிருக்காரு. நானும் சரின்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“அது அந்தக் காலம் தனம். இந்த ஒரு மாசமா கார எடுத்துக்கினு கிரிவலமா மலைய சுத்துனாரே, முப்பத்தேழு சுத்து! மச்சான் திருந்திட்டாருன்னு ஊரே பேசுது.”

கூடியிருந்தோர் ஆமெனத் தலையசைத்தனர். சங்கு ஊத வந்திருந்த சக்கரவர்த்தி சங்கைத் துடைக்கத் தொடங்கினார். நாற்பதாண்டுகள் சாமி இல்லையென்று வாதிட்டவரை இப்படியா அனுப்புவது? தனம் பிடியை விடவில்லை.

“அது சாமிக்கில்லண்ணா. இஞ்சினுக்கு.”

வாசலில் நின்ற மெக்கானிக் வேணு தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

“அக்கா சொல்றது நெசங்க. அம்பாசிடர் இஞ்சினப் பிரிச்சு, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டுக் கட்டினேன். ரிங் பழகுற வரைக்கும், ஐநூறு கிலோமீட்டருக்கு, வேகம் நாப்பதத் தாண்டக்கூடாதுன்னேன். அதுக்கு அவரு, வேலூர் ரோட்ல அப்பிடிப் போனா லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுடுவான், மலைய சுத்துற ரோட்லதான்டா யாருக்கும் அவசரமில்லன்னாரு.”

“அடப்பாவி மனுசா!” பூ விற்கும் கன்னியம்மாள் அழுகையை நிறுத்தினாள். “தெனம் அந்தக் காரப் பாத்து நான் கன்னத்துல போட்டுக்கினேனே! அவரும் சிரிச்சிக்கினே கைய ஆட்டிட்டுப் போவாரு!”

முதலில் சிரித்தவர் யாரென்று தெரியவில்லை. தனமும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். பலராமனின் மீசை மட்டும் சிறிது நேரம் தாக்குப்பிடித்தது.

“எதுக்கா இருந்தா என்னம்மா? சுத்துனது சுத்துனதுதானே?” என்றார் கெஞ்சலாக.

“சுத்துனது இஞ்சின்தானே? அதுக்குப் பூசுண்ணா.”

அவர் தங்கையை முறைத்தார். பிறகு விடுவிடென்று வெளியே சென்று, காரின் முன்மூடியில் மூன்று விரலால் பட்டையாகப் பூசிவிட்டு வந்தார்.

பொழுது சாயுமுன் புறப்பட்டனர். சக்கரவர்த்தி சங்கைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டுத் தாமும் பாடைக்குத் தோள் கொடுத்தார். முன்கொம்பைத் தாங்கிய பலராமனின் உதடுகள் மந்திரம் சொல்வதுபோல் ஓசையின்றி அசைந்தவண்ணம் இருந்தன.

வாசற்படியில் நின்ற தனம் அதனைக் கண்டாள். கண்டு, தெருவின் மறுபக்கம் பார்க்கலானாள்.