கனிந்தபின் பறித்தவன்

அவளுடைய கணவனுக்குக் கோபம் வந்தால் கைதான் பேசும். போன பருவத்தில் அந்தக் கையில் ஒரு ஸ்பானர் இருந்தது. குளிர்கிடங்கின் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின. மெக்கானிக் வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தம்பி.

என்ன தப்பு செய்தான் தம்பி? ஒரு மண்ணும் இல்லை. மூன்று வாரம் கிடங்கில் இருந்த ஆப்ரிகாட் பழங்களெல்லாம் உள்ளே கெட்டுப்போயிருந்தன. மிஷின்தான் கெடுத்துவிட்டது என்று தோட்டத்துக்காரனான அவள் கணவன் முடிவு கட்டிவிட்டான். கட்டினால் கட்டினதுதான்!

மரத்திலேயே பொன்னிறமாகப் பழுத்துத் தேனாய் இனிக்கும்வரை அவன் பறிக்க விடமாட்டான். "பழம்னா பழமா இருக்கணும். காயைப் பறிச்சு அடுக்க நான் என்ன கேனையனா?" என்பான். அன்றே தின்பதற்கு அது சரி. கிடங்கில் வைப்பதற்கு, காம்புப் பக்கம் லேசாகப் பச்சை இருக்கும்போதே, விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். பன்னிரண்டு வருடமாகக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற அவளுக்கு இது தெரியும். சொன்னாள். கன்னம் வீங்கியதுதான் மிச்சம்.

இந்த வருடம் பறிப்பு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே அவன் தம்பியிடம் சொல்லிவிட்டான்: "இந்தத் தடவ பழம் கெட்டுச்சுன்னா, சோத்துக் கைய வச்சுக்க மாட்ட நீ." அவன் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

அதனால் ஒரு வேலை செய்தாள். அவன் பறிப்பதற்கு ஐந்து நாள் முன்னால், கடைசி வரிசை மரங்களில் பச்சை மாறாத பழமாகப் பார்த்து எட்டுப் பெட்டி பறித்தாள். அவன் பெட்டிகள் வந்ததும் அவற்றுக்கு நடுவில் தன்னுடையதைச் செருகி ஒளித்துவைத்தாள். மூன்று வாரம் கழித்து, 'ஒரே ரூம், ஒரே மிஷின், உங்க பழம் கெட்டுச்சு, என் பழம் கெடல' என்று அவன் மூஞ்சிக்கு நேராகக் காட்டவேண்டும். தம்பியின் கை தப்பிக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

மூன்று வாரம் கழிந்த காலையில் அவன் உள்ளே வந்து ஒரு பழத்தைப் பிளந்தான். வெளியே தோல் பளபளவென்று இருந்தது. உள்ளே கொட்டையைச் சுற்றிச் சதை பழுப்பாகக் கூழாகியிருந்தது. இன்னொன்று. அதுவும் கூழ். பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அடுத்த பெட்டி தம்பியின் நெஞ்சில் மோதியது.

"ஏங்க, நில்லுங்க! இதப் பாருங்க முதல்ல!" அவள் தன் பெட்டி ஒன்றை உருவித் திறந்தாள்.

அதிலிருந்த பழமும் கொழகொழவென்று நசுங்கியது.

இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி, எல்லாம் அதே கதி. தரையில் கிடந்த தம்பி எட்டிப் பார்த்துவிட்டு முனகினான்: "அய்யோ அக்கா, இதுங்க நடுவுலயா வச்ச? கனிஞ்ச பழம் ஒரு காத்து விடும். பக்கத்துல இருக்கறதையும் அது பழுக்க வச்சிடும். வேற ரூம்ல வச்சிருக்கணும்."

ஒளித்துவைத்த புத்திசாலித்தனமே ஒளித்ததைத் தின்றுவிட்டது. அடக் கடவுளே!

"காத்தாம் காத்து! அக்காவும் தம்பியும் சேந்து கதையா விடுறீங்க?" தம்பியைச் சட்டையோடு தூக்கினான் கணவன். வாசலுக்கு இழுத்துப்போனான். வயிற்றில் முட்டியால் இரண்டு இடி. தம்பி மூச்சுக்குத் திணறும்போதே அவனுடைய வலது கையை, கதவு வந்து மூடும் இரும்புச் சட்டத்தில் வைத்துத் தன் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தான். கிடங்கின் கதவு சுவர் கனத்துக்கு இருக்கும், தண்டவாளத்தில் ஓடும். ஒருமுறை கிளம்பிவிட்டால் லேசில் நிற்காது.

"இழுடி கதவ!"

அவள் கைப்பிடியைப் பிடித்தாள்.

"வேணாங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

"இழுக்கறியா, இல்ல ஸ்பானர எடுக்கவா?"

"மாமா, விட்டுடுங்க மாமா!" தம்பி கண்மண் தெரியாமல் உதைத்தான். கைமுழுக்கப் பழக்கூழ். வழுக்கியது. ஒரு துள்ளலில் கை உருவிக்கொண்டு வந்தது, தம்பி பின்னால் போய் விழுந்தான். அவனைத் தாவிப் பிடிக்கப்போன கணவன், கால் சறுக்கி, விழாமல் இருக்க அதே இரும்புச் சட்டத்தைப் பற்றினான்.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். கைப்பிடியை விட்டிருக்கலாம். விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. பன்னிரண்டு வருடத்து ஆத்திரத்தையும் சேர்த்து இழுத்தாள்.

எலும்பு நொறுங்கும் சத்தம் கிடங்கு முழுக்கக் கேட்டது. அவன் போட்ட கூச்சலில் தோட்டத்தில் இருந்தவர்களெல்லாம் ஏணியை விட்டு இறங்கினார்கள்.

"அக்கா, கதவத் தள்ளு! மாமா கை!" என்று தம்பி அலறினான்.

தள்ளினாள். ஆனால் உடனே தள்ளவில்லை. முதலில் தரையில் உட்கார்ந்து, தம்பியின் வலது கையை மடியில் வைத்து, ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.