கால் பாவாதவள்

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே நிற்பதும் ஒரு வேலைதான். வாசனைப் புட்டிகள் விற்கும் அந்தப் பெரிய கடையில் பெண்களுக்கு நாற்காலி கிடையாது. போட்டால் உட்கார்ந்துவிடுவார்களாம், சூப்பர்வைசரின் கண்டுபிடிப்பு அது. உயரக் குதிகால் வைத்த கறுப்புச் செருப்பைக் கடையே கொடுத்தது. குடியிருப்பின் மூன்றாம் மாடிக்காரி அதன்மேல் பதினோரு வருஷமாக நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தும் அவள் அதைக் கழற்றுவதில்லை என்பதுதான் குடியிருப்பில் பேச்சு. சமையலறையில் குதிகால், துணி காயப்போடக் குதிகால். "மகாராணிக்குக் கால் தரையில பாவாதாம்" என்று படிக்கட்டில் ஒருத்தி சொல்லப்போக, அதுவே பேராக நிலைத்தது. புருஷன் விட்டுப் போனதற்கும் செருப்பின் மேல்தான் பழி. "இவ அவனைவிட உயரமா நின்னா, அவன் எப்படி நிப்பான்?"

கீழ்வீட்டுத் தையற்காரம்மாதான் நேரே கேட்கப் போனாள். தலைக்கு மேல் டொக் டொக்கென்று கேட்டுத் தையல் கோணுகிறதாம். மகாராணி வீட்டுச் சாமான்களைப் பார்க்கும் ஆசை வேறு.

குளித்துவிட்டு வந்து கதவைத் திறந்தவள் வெறுங்காலில் இருந்தாள். பரணை எட்டுகிறவள் போல விரல்நுனியில் நின்று, நிலையைப் பிடித்திருந்தாள்.

"காலை ஊனி நில்லேன்டி. யாருக்கு ஆடிக் காட்டறே?"

"ஊன முடியாதுக்கா."

தையற்காரம்மா குனிந்து கெண்டைக்காலைத் தொட்டாள். கட்டை மாதிரி இருந்தது. குதிகாலைப் பிடித்து அழுத்தினாள்.

"விடுக்கா, உயிர் போகுது."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"தசை சுருங்கிப் போச்சாம். இனிமே தேச்சாலும் இழுத்தாலும் நீளாதாம். வெட்டித்தான் நீட்டணும், மூணு மாசம் கட்டுப் போடணும்னார்."

"துணியா இருந்தா உள்ள மடிச்சதைப் பிரிச்சு இறக்கிடுவேன். உனக்கு மடிச்சு வைக்கலையே."

"மூணு மாசம் படுத்தா கடையில என் இடம் இருக்குமாக்கா? குதிகால் வச்ச செருப்பு இருக்கிறவரைக்கும் ஓட்டிடுவேன்."

அந்தச் செருப்புதான் முதலில் போயிற்று. நின்று நின்று பெண்களின் கால் கெடுகிறதென்று எங்கோ ஓர் அதிகாரி கேள்வி கேட்க, கடை முந்திக்கொண்டது. எல்லோருக்கும் தட்டையான வெள்ளை ஷூ. நாற்காலி பற்றிப் பேச்சில்லை. வீட்டிலிருக்கும் பழைய ஜோடிகளையும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், கடைச் சொத்தாம். மற்றப் பெண்கள் சந்தோஷத்தில் குதித்தார்கள்.

தையற்காரம்மா வெட்டுத்துணிகளை அடுக்கித் தைத்து, ஷூவுக்குள் குதிகாலடியில் வைக்க மெத்தை பண்ணிக் கொடுத்தாள். குதிகால் தூக்கிக்கொண்டது, ஆனால் ஷூவை விட்டே வெளியில் வந்தது. அடி எடுத்து வைத்தால் ஷூ பின்தங்கி நின்றது. அதை இழுத்து இழுத்து இரண்டு நாள் சமாளித்தாள். மூன்றாம் நாள் ஒரு புட்டி கைநழுவி உடைந்தது. கடையெல்லாம் மணத்தது.

சூப்பர்வைசர் உள்ளே கூப்பிட்டார். "இத்தனை வருஷம் ஒழுங்கா நின்னீங்க. இப்ப எதுக்கு நொண்டறீங்க?"

"பழைய செருப்பையே போட்டுக்கறேன் சார்."

"அது முடியாதும்மா. காலுக்குக் கெடுதல்."

"கெட்டாச்சு சார்."

அவர் மேஜைக்கடியில் எட்டிப் பார்த்தார். "இந்தக் குறையோடதான் வேலைக்குச் சேர்ந்தீங்களா? அப்ப சொல்லலையே." பிறகு, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்றார்.

வெளியே விற்பனைக் கூடத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பணிப்பெண்களின் நலனில் கடைக்குள்ள அக்கறையை ஊருக்குக் காட்ட வாசலில் ஒட்டப்போகும் படம். முகம் வேண்டாம், பாதம் போதும். வரிசையில் ஓரிடம் காலியாக இருந்ததால் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அவளுடைய ஷூவை மாட்டிவிட்டார்கள். உள்ளிருந்த மெத்தையைப் பிடுங்கி யாரோ ஓரமாகப் போட்டார்கள்.

"எல்லாரும் குதிகாலை நல்லா அழுத்தி நில்லுங்க" என்றார் படக்காரர். பிறகு திரும்பி, "நீங்க கொஞ்சம் தள்ளிம்மா, உங்க விரல் படத்துல விழுது."

அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த பளிங்கில் விரல்நுனியில் இரண்டடி பின்வாங்கி, அவர் எடுத்து முடிக்கட்டுமென்று நின்றாள்.