அந்தம்மா ரயில் ஏறிச்சா?

கேபிள் டிவி எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்டால் போதும், உட்காரவைத்துச் சொல்வேன். மொட்டைமாடித் தட்டு வானத்திலிருந்து வருவதை வாங்கிக் கீழே அனுப்பும். என் அறையில் இருக்கும் பெட்டிகள் அதைச் சேனல் சேனலாகப் பிரித்துக் கம்பியில் ஏற்றும். ஒரு சேனல் மட்டும் வானத்திலிருந்து வராது, அது என் விசிஆர். நான் போடும் கேசட் நகரி நெசவாளர் தெருக்களில் நூற்று எண்பது வீடுகளில் ஓடும். ஆனால் யார் பார்க்கிறார்கள் என்று கம்பி எனக்குத் திருப்பிச் சொல்லாது. தெருவில் நடந்து, வீட்டுக்கு வீடு ஒரே வசனம் கேட்கிறதா என்று பார்த்தால்தான் உண்டு. அதற்கும் விசைத்தறிச் சத்தம் விடாது.

என் மனைவி சுமித்ரா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் 1995 ஆவணியோடு இரண்டு வருடம் ஆகப் போகிறது. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம், போடாவிட்டால் வீடு. எதைச் செய்யப்போகிறாள் என்று அவள் கடைசிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அது முழுக்க ஒரு சினிமாவைப் பற்றியது.

"மேடம் ஒரு பழைய இங்கிலீஷ் படம் போட்டாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வயசான நடிகருங்க, ஊரு மறந்துபோயி ஒரு பெரிய வீட்ல கெடக்கறாங்க. அந்தம்மாவ மட்டும் திரும்ப நடிக்கக் கூப்புட்டு தந்தி வருது. ரெண்டு பேரும் ஸ்டேசன்ல வந்து நிக்கறாங்க. அப்ப பாத்து மேடம் டீ கேட்டாங்க. நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. அந்தம்மா ரயில் ஏறிச்சா, நின்னுடுச்சா? பாத்து சொல்லுயா."

அவள் கேட்பது எதை என்று புரியாத அளவுக்கு நான் மரமல்ல.

திருப்பதியில் கேசட் கடை வைத்திருக்கும் கங்கையாவிடம் கதையைச் சொன்னேன். அடித்தட்டிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துத் தூசி தட்டினார். "வாள்ளித்தரூ ஒகப்புடு பெத்த ஸ்டார்லு பாபு" என்றார். ஒரு காலத்தில் இருவரும் பெரிய ஸ்டார்களாம். இந்தப் படம் எடுக்கும்போது அவர்கள் யாருக்கும் தேவைப்படவில்லையாம்.

தனியாகப் பார்க்க எனக்குத் துணிவில்லை. புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஊருக்கே போட்டுவிட்டேன்.

ஐந்தாவது நிமிடம் போன் அடித்தது. "யோவ் புருஷோத்தமா, கலரு பூட்ச்சிய்யா, ஒயரப் பாரு."

"கறுப்பு வெள்ளப் படம் அண்ணே."

"அத்த ஏன்யா போட்ட?"

பின்னாலேயே கமலம்மா அக்கா நேரில் வந்துவிட்டாள். "சண்டயும் இல்ல, பாட்டும் இல்ல. கெழவனும் கெழவியும் சூப்பு குட்ச்சிக்கினுக்கீறாங்க. இத்த யாருடா கேட்டா?"

மூன்றரைக்கு ஒரு ஃபேஸ் போனது. நகரியில் இது தினசரி நடப்பது. மின்சாரம் மூன்று கம்பியில் வருகிறது. ஒன்று செத்தால், அதில் இணைந்த வீடுகள் மட்டும் அணையும், மற்ற வீடுகளில் டிவி ஓடும். ஆனால் தறி மோட்டாருக்கு மூன்று கம்பியும் வேண்டும். இரண்டில் ஓட்டினால் உள்ளே சுற்றிய செம்புக்கம்பி கருகிவிடும். அதனால் தறிகளை நிறுத்திவிடுவார்கள். அன்றும் நிறுத்தினார்கள், தெரு அடங்கியது. வேலையற்றுப்போன தறிக்காரர்கள் கரண்ட் இருந்த வீடுகளுக்குள் போய் உட்கார்ந்தார்கள். நான் தெருவில் இறங்கினேன். முதல் வீட்டு டிவியில் கிழவன் இருமினான், அடுத்த வீட்டிலும் அதே இருமல்.

வேதாச்சலம் அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன். தலையில் பஞ்சுத் தூசியோடு பத்துப் பேர் உள்ளே இருந்தார்கள். கமலம்மா அக்காவும் இருந்தாள். தன் வீட்டில் கரண்ட் போனதால் தாட்சாயணி டீச்சரும் வந்திருந்தார். ரயில் நிலையக் காட்சி தொடங்கியிருந்தது.

"இவ எங்க போறா?" என்றார் வேதாச்சலம்.

"வேலைக்கு" என்றார் டீச்சர்.

"இந்த வயசுலயா?"

"அவளக் கூப்டறாங்க, போறா. உன்ன எவன் கூப்டுவான்?" என்றாள் கமலம்மா. சிரிப்பு எழுந்தது.

கிழவன் மனைவியின் கோட்டுக் காலரைச் சரிசெய்தபடி பேசிக்கொண்டே இருந்தான்.

"இன்னா டீச்சர் சொல்றான்?" என்றாள் கமலம்மா.

"வண்டி எங்கெங்க நிக்கும், எங்க எறங்கி மாறணும்னு சொல்றாரு."

"அத்த யாரு கேட்டா? இருன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னாவாம்? வாயில இன்னா கொழுக்கட்டயா?"

கிழவி அவன் முடிக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏறிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் படம் முடிந்தது. கமலம்மா என்னவோ சொல்லத் திரும்பியவள், வாசலில் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"மோரு துளி குடிக்கிறியாடா?" என்றார் வேதாச்சலம்.

வேண்டாம் என்று வந்துவிட்டேன். மீனம்பாக்கத்தில் சுமித்ராவை வழியனுப்பியபோது, விமானம் மேலே ஏறும்போது காது ஏன் அடைக்கிறது, எச்சில் விழுங்கினால் ஏன் திறக்கிறது என்று நான் விளக்கினேன். முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

கடிதம் போய்ச்சேரப் பன்னிரண்டு நாள் ஆகும். வெள்ளிக்கிழமைகளில் மேடம் வீட்டுப் போனில் அவளோடு பேசலாம். ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் நம்பர் போட்டேன்.

"ஏறிச்சா?" என்றாள், நலம்கூட விசாரிக்காமல்.

"ஏறிடுச்சி."

வெளிநாட்டுப் பேச்சு முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே இருக்கும் செயற்கைக்கோளுக்குப் போய் இறங்கி வருகிறது. நாம் சொன்னதற்குப் பதில் வர அரை நொடி பிடிக்கும். அந்த இடைவெளியில் இருவரும் வாய்திறந்தால் இரண்டு பேச்சும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும்.

"அவன் சொல்லல, நான் சொல்றேன். நீ வந்துடு" என்றேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் இங்கே வந்துகொண்டிருந்தது: "நேத்து கையெழுத்து போட்டுட்டேன்யா."

"நீ இன்னா சொன்ன?" என்றாள்.

மறுபடி சொன்னேன். "வந்துடு சுமித்ரா."

அரை நொடி ஆனது. செயற்கைக்கோளுக்கு அது போதும். ஒன்று, இரண்டு, மூன்று நொடி போனது. அது அவளுடையது.

"இத்த இப்ப சொல்றியேயா" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, வுடு. அப்புறம் அந்தக் கெழவன் இன்னா பண்ணான்?"

"படம் ரயிலோட போயிடுச்சி. அவன அப்புறம் காட்டவே இல்ல" என்றேன்.