படம் எடுக்காத மெஷின்

என் கணவர் கில்பர்ட்டின் நுரையீரல் கெட்டுப்போய், இனி ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது என்று டாக்டர் சொன்ன அன்று, எங்களுக்குக் கைகொடுத்தது லிங்கராஜபுரம் நேசக்கரம் சங்கம்தான். செயலாளர் டிரேவர் கொட்டுகிற மழையில் மெஷினைக் காரில் போட்டுக்கொண்டு வந்து, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடிவரை தூக்கி, ஓடவிட்ட பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அந்த உதவியை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் பிறகு நடந்ததற்கு அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

மழை அவசரத்தில் டிரேவர் படம் எடுக்க மறந்துவிட்டார். அந்தச் சங்கத்தில் அது சின்னத் தப்பு இல்லை. ஆரம்பித்த புதிதில் வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குக் கம்பளி கொடுத்தார்களாம். அதையெல்லாம் நிர்வாகிகளே சுருட்டிக்கொண்டார்கள் என்று யாரோ கதை கட்டிவிட, பாவம், தலைகாட்ட முடியாமல் போயிற்றாம். அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும், கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் சேர்ந்து நிற்கிற படம் வேண்டும். நியாயம்தான். ஆனால் நியாயத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது.

சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் டிரேவர் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்து தலையைச் சொறிந்தார்.

"ஆன்ட்டி, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. மெஷின ஹாலுக்கு எடுத்துட்டுப் போயி, ஸ்டேஜ்ல சீஃப் கெஸ்ட் கையால உங்களுக்கே திரும்பக் குடுத்துடறோம். ஒரே ஒரு ஃபோட்டோ. அரை மணி நேரம். அதுவரைக்கும் அங்கிளுக்கு இந்த சிலிண்டர் தாங்கும்."

"குடுத்தத வாங்கிட்டுப் போய் மறுபடி குடுக்கறதா? என்னப்பா கூத்து இது?"

"விடு டோரீன்," என்றார் கில்பர்ட். "இவ்ளோ பண்ணாங்க. ஒரு படத்துல நிக்கக் கூடாதா?"

அவருக்கு உலகத்தில் எல்லோரும் நல்லவர்கள். அவருடைய தங்கை ஆஞ்சலாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, சிலிண்டர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஹாலில் மெஷினுக்கு மாலை போட்டு மேடை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீஃப் கெஸ்ட் தாமதமாக வந்தார். வந்ததும் தலைவர் கஸ்தூரிரங்கன் சங்கத்தின் வரலாற்றை வாசிக்க எழுந்தார். சைக்கிள் கடை வாசலில் ஐந்து நண்பர்கள் கூடியது, கண் சிகிச்சை முகாம்கள், பிள்ளைகளுக்குக் கட்டிய ஸ்கூல் ஃபீஸ், ஏழை வீட்டுச் சாவுக்கு வாங்கிவிட்ட வண்டி. நல்ல மனுஷர்கள் செய்த நல்ல காரியங்கள். வேறு நாளாக இருந்தால் கை வலிக்கத் தட்டியிருப்பேன். அன்று அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பத் திருப்ப, நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்; அரை மணி எப்போதோ தாண்டிவிட்டது.

போன் வந்தது. ஆஞ்சலா.

"அண்ணி, முள்ளு செகப்புக்கு வந்துடுச்சு. அண்ணனுக்கு மேல்மூச்சு வாங்குது. சீக்கிரம் வாங்க."

எழுந்தேன். ஓரத்திலிருந்து டிரேவர், இன்னும் ரெண்டே நிமிஷம் என்று விரலைக் காட்டினார். மேடையேறி, மாலையைக் கழற்றி சீஃப் கெஸ்ட் மடியில் போட்டுவிட்டு மெஷினைப் பிடித்து இழுத்தேன்.

"என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டுது சார். நீங்க படிச்சிட்டிருங்க," என்றேன்.

கஸ்தூரிரங்கன் முகம் வெளுத்துவிட்டது. "ஓடிட்டிருந்த மெஷினா இது? புதுசுன்னு இல்ல நெனச்சேன்!" என்றவர், கன்னடத்தில் டிரேவரை ஒரு பிடி பிடித்தார். காகிதங்களை அப்படியே போட்டுவிட்டு மெஷினின் மறுபக்கத்தைத் தூக்கினார்.

டிரேவர் காரை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. வழியெல்லாம் நான் ஏசுவைக் கூப்பிட்டேன். இடையிடையே டிரேவரைத் திட்டினேன். மூன்று மாடியும் கோட்டு டையோடு தூக்கி வந்தார் கஸ்தூரிரங்கன். எழுபதைத் தாண்டியவர்.

கட்டில் விளிம்பில் கில்பர்ட் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஞ்சலா முதுகைத் தடவிக்கொண்டே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிளக்கைச் சொருகினேன். மெஷின் ஒருமுறை கத்திவிட்டுக் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்த அந்தச் சத்தம் அன்று எவ்வளவு இனிமையாக இருந்தது! டியூபை மூக்கில் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர் தோள் இறங்கியது. உதட்டில் ரத்தம் திரும்பியது.

"வந்துட்டியா?" என்றார்.

தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். போன உயிர் திரும்பிவிட்டது; அவருக்கும் எனக்கும். பக்கத்திலேயே கஸ்தூரிரங்கனும் மூச்சு வாங்க உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுடுங்கம்மா. இனிமே ஃபோட்டோவே வேண்டாம். யாருக்கும் வேண்டாம்."

"வேண்டாமா?" மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "இப்பவே எடுங்க. இங்கயே எடுங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் இன்னொருத்தர் வந்து தலையச் சொறிவாரு."

கில்பர்ட்டுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்தது. டிரேவர் போனை எடுத்தார்.

"சார், நீங்க குடுக்கற மாதிரி. ஆன்ட்டி, நீங்க வாங்கற மாதிரி."

தலைவர் கொடுப்பதற்காக மெஷினின் பிடியில் கைவைத்தார். நான் மெஷினைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றேன். படம் அப்படித்தான் விழுந்திருக்கிறது.