வளைவுக்குள் போன கை

சாக்கடை மூடியைத் தூக்கியதும் கரப்பான்கள் கும்பலாக ஏறி வந்தன. பின்னாலேயே நாற்றம். தடியன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஓடிப்போய்க் குமட்டினான்.

"இத்தனை வருஷமா இதே வேலை. இன்னுமா உனக்கு வாந்தி வருது?" என்றார் கம்பிக்காரர்.

"வேலைக்குப் பழகிட்டேன் மாமா. இவங்க கழிச்சுப் போடுறதுக்கு எப்படிப் பழகுறது?"

தடியன் அவருடைய மனைவியின் தம்பி. இன்று குழாய்க்குள் கை விட வேண்டியவன் அவன்தான். கம்பிக்காரரின் வலது கையில் கட்டு. வேறொரு வீட்டுக் குழாயில் யாரோ போட்டிருந்த சவர பிளேடு ஆள்காட்டி விரலைக் கிழித்திருந்தது. சர்க்கரை உடம்பு வேறு. சாக்கடைத் தண்ணீர் பட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் திட்டி அனுப்பியிருந்தார்.

கம்பிக்காரர் இடது கையால் கம்பியைக் குத்திக் குத்திப் பார்த்தார். வளைவில் முட்டி நின்றுவிட்டது. இனி கைதான். கையுறை போட்டால் துணியா, வேரா என்று பிடிபடாது, வெறுங்கையைத்தான் விடுவார்கள். தடியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டான். முழங்கைக்கு மேல் போகவில்லை.

"தின்னு தின்னு கொழுத்து வச்சிருக்கியே, பாவி!"

"எல்லாம் அக்கா சமையல். நான் என்ன பண்ண?"

கீழ்வீட்டுச் சமையலறையில் மாடி வீடுகளின் கழிவு கணுக்கால் அளவு நின்றது. கட்டடத்துச் செக்ரட்டரி மூக்கைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"முடியலன்னா சொல்லிடுங்கப்பா, மெஷின்காரனைக் கூப்பிட்டுக்கிறேன். அப்புறம் இந்தப் பக்கம் வேலை கேட்டு வராதீங்க."

"முடிச்சுடுறோம் சார். மாடியில யாரும் தண்ணி விடாம பாத்துக்குங்க."

"சொல்லியாச்சு, சொல்லியாச்சு."

குழாய் திரும்பிய பக்கத்துக்கு இடது கை மடங்காது. கம்பிக்காரர் கட்டின் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பரால் இறுக்கினார்.

"வேணாம் மாமா. அக்கா என்னைக் கொன்னே போட்டுடுவா."

"வேலை போச்சுன்னா மட்டும் கொஞ்சுவாளா?"

குப்புறப் படுத்துக் கையை விட்டார். முதலில் முடி சுற்றிய எண்ணெய்க் கட்டி வந்தது, வெளுத்து, சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு. பிறகு ஊறி உப்பிய நாப்கின்கள். சீ, குப்பைத்தொட்டி என்று ஒன்று இந்த வீடுகளில் கிடையாதா? மறுபடி கை உள்ளே போனபோது மேலே யாரோ ஃப்ளஷை அழுத்தினார்கள்.

"தண்ணி விடாதீங்கன்னு சொன்னோமே!" தடியன் அலறினான்.

அதற்குள் கழிவு அவர் கன்னத்தில் வந்து அடித்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு, அடைத்திருந்த கடைசித் துணியையும் இழுத்துப் போட்டார். குழாய் கடகடவென்று இறங்கியது.

"அப்பாடா!" என்றார் செக்ரட்டரி.

கம்பிக்காரர் எழுந்து கீழ்வீட்டு வாசற்படிக்கு வந்து நின்றார். பை கறுத்து உப்பியிருந்தது. ரப்பரை எடுத்ததும் உள்ளேயிருந்து ஒழுகியது.

"ஐயையோ, மாமா! அம்மா, காயத்துல பட்டுடுச்சு. ஏதாவது மருந்து இருந்தா குடுங்கம்மா!" தடியன் வீட்டுக்குள் பார்த்துக் கத்தினான்.

வீட்டுக்கார அம்மா உள்ளே போய்க் கிருமிநாசினி பாட்டிலோடு வந்தாள். கம்பிக்காரர் அவசரமாகக் கட்டை அவிழ்த்து விரலை நீட்டினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள்.

அவர் தள்ளி நின்றார். அவர் நின்றிருந்த படியில் அவள் பாட்டிலைக் கவிழ்த்தாள்.