மாஸ்டருக்கு மட்டும் ஏன் கையுறை

குடியை விடவைக்கும் அந்த விடுதியில் மாஸ்டர் வந்து சேர்ந்ததிலிருந்து சாப்பாட்டைக் குறை சொல்ல யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் இன்னொரு கரண்டி கேட்கத்தான். வெளியே ஓட்டல் அடுப்படியை ஆண்ட மனிதர். கை நடுக்கம் நின்றதும் அவர் முதலில் கேட்டது கத்தியைத்தான். சமையலை எல்லோரும் முறை வைத்துச் செய்ய வேண்டும் என்பது விடுதியின் சட்டம். ஆனால் அங்கே குடியை விட வந்திருந்த டிரைவர் வைத்த குழம்பை ஒருமுறை சாப்பிட்ட பிறகு, சட்டத்தைக் கொஞ்சம் வளைத்தால் என்ன என்று வார்டனுக்கே தோன்றிவிட்டது.

மாஸ்டருக்கு எச்.ஐ.வி. இருப்பது அங்கே இரண்டே பேருக்குத்தான் தெரியும், டாக்டருக்கும் நர்ஸுக்கும். மாத்திரையை நர்ஸ் தன் அறையில் வைத்துக் கொடுப்பார். அந்த அறைக்கு ஏதாவது ஒரு மாத்திரைக்காகப் போகாத ஆளே அங்கே கிடையாது என்பதால் யாரும் கண்டுகொண்டதில்லை. வீட்டில் மனைவிக்குத் தெரியும். அவளுக்குப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. "மாத்திரைய நான் ஞாபகப்படுத்துறேன். குடிய நீங்கதான் விடணும். முழுசா முடிச்சுட்டு வாங்க. பாதியில வந்தா கதவு திறக்காது" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அன்று காலை வெங்காயம் நறுக்கும்போது டிரைவர் ஏதோ கதைவிட, மாஸ்டர் சிரித்துவிட்டார். கத்தி விரலில் இறங்கியது. பலகையெல்லாம் ரத்தம்.

வார்டன் ஓடிவந்தார். தங்கமான மனிதர், ஆனால் ஒரு டம்ளரை நகர்த்துவதென்றாலும் ஊரைக் கூட்டிவிடுவார். "யாரும் தொடாதீங்க, தள்ளுங்க" என்று சத்தம் போட்டபடி சட்டைப்பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினார். விரலை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டார். நறுக்கிய வெங்காயத்தை ஒரு பையில் கொட்டி முடிச்சுப் போட்டார். பலகையையும் கத்தியையும் கிருமிநாசினி ஊற்றிக் கழுவினார். எல்லாம் முறைப்படிதான். ஆனால் போன வாரம் டிரைவர் படியில் விழுந்து முழங்கால் கிழிந்தபோது, இதே வார்டன் வெறுங்கையோடு துடைத்துக் கட்டியதை விடுதியே பார்த்திருந்தது.

டிரைவருக்கு நாக்கை அடக்கிப் பழக்கமில்லை. "என்ன வார்டன் சார், என் ரத்தம்னா வெறுங்கை, மாஸ்டர் ரத்தம்னா கையுறையா? அவருக்கு அப்படி என்ன வியாதி?"

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் கையிலிருந்த டீ டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். நர்ஸ் வார்டனிடம் சொல்லிவிட்டார், வேறென்ன இருக்க முடியும்? இனி இவர்கள் யார் தன் கைச்சாப்பாட்டைச் சாப்பிடப் போகிறார்கள்? நேராக அறைக்குப் போய்த் துணிகளைப் பையில் திணித்தார். வீட்டுக் கதவு திறக்காது என்பது நினைவிருந்தது. வழியில் திறந்திருக்கும் மதுக்கடையும் நினைவுக்கு வந்தது, அதை நினைத்துத்தான் பயந்தார்.

பையோடு கூடத்தைத் தாண்டும்போது அங்கே எல்லோரும் கூடியிருந்தார்கள். நடுவில் வார்டன், பக்கத்தில் நர்ஸ். மாஸ்டர் வாசலோரம் நின்றுவிட்டார்.

"தப்பு என் மேலதான்" என்றார் வார்டன். "டிரைவருக்கு வெறுங்கையால கட்டுப் போட்டதுக்கு நர்ஸம்மா என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. யார் ரத்தமா இருந்தாலும் கையுறை போடணுமாம். அன்னிலேர்ந்து பையிலயே வச்சுட்டுச் சுத்துறேன். முதல்ல சிக்கினது மாஸ்டர், அவ்வளவுதான்."

"அப்ப நம்மள்ல யாருக்கோ ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றது ஒரு குரல்.

"இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்" என்றார் நர்ஸ். "ஆளைப் பார்த்து எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிக்க முடியாது. அதனாலதான் எல்லாருக்கும் ஒரே கவனிப்பு. ஒண்ணா சாப்பிடுறதால, சமைச்சுப் போடுறதால அது ஒட்டாது. ஷேவிங் பிளேடை மட்டும் கடன் வாங்காதீங்க. யாருக்கு என்ன இருக்குன்னு வார்டனுக்கே தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டேன். இல்ல, சொல்லித்தான் ஆகணும்னு நினைக்கிறவங்க கையத் தூக்குங்க. உங்க கதையிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்."

ஒரு கைகூட எழும்பவில்லை.

மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. இந்த அம்மாவையா சந்தேகப்பட்டோம்? அறைக்குத் திரும்பிக் கட்டிலில் பையோடு உட்கார்ந்தார். மார்பில் இருந்த கனம் இறங்கி, பசிக்கக்கூடச் செய்தது.

டிரைவர் வந்து நின்றார். "வாய் சும்மா இருக்காம பேசிட்டேன் மாஸ்டர். மனசுல வச்சுக்காதீங்க."

"விடுங்க."

டிரைவர் போகவில்லை. கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "குடிச்ச காலத்துல நான் ஒழுங்கா இருந்ததில்ல. டெஸ்ட் எடுக்கணும்னு ரொம்ப நாளா நினைக்கிறேன், பயம் விடல. நர்ஸம்மா நிஜமாவே யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்களா? கூட்டத்துல எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க."

"சொல்ல மாட்டாங்க" என்றார் மாஸ்டர். "எனக்குத் தெரியும்."

டிரைவர் அவரையே பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்கவில்லை.

"கூட வர்றீங்களா?"

இருவரும் போனார்கள். நர்ஸ் அறைக்குள் டிரைவர் நுழைந்ததும் மாஸ்டரே கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு, உள்ளே பேசுவது காதில் விழாத தூரத்துக்குத் தள்ளிப் போய், அவர் வெளியே வரும்வரை காத்திருந்தார்.